வாய் ஊறுவது வேறு, வாய்விட்டுக் கேட்பது வேறு: இரண்டு வகைக் கற்றலைப் பிரித்தறிவது எப்படி?

உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்று ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் பலருக்கு நாக்கின் ஓரம் ஈரமாகியிருக்கும். அதற்காக நீங்கள் எதுவும் செய்யவில்லை, வாய் தானாக ஊறியது. சரி, இப்போது பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்ற பாட்டியிடம் "இன்னும் ஒரு கீற்று சேத்துப் போடுங்க பாட்டி" என்று கேட்டு வாங்கித் தின்ற நாளை நினைத்துப் பாருங்கள். கேட்டால் கிடைக்கும் என்று ஒரு தடவை தெரிந்ததும் மறுநாளும் கேட்டீர்கள், அதற்கு மறுநாளும் கேட்டீர்கள். வாய் ஊறுவதும் அனுபவத்தில் வந்ததுதான், மாங்காயே தின்றிராதவருக்கு அதைப் பார்த்தால் எச்சில் ஊறாது. கேட்பதும் அனுபவத்தில் வந்ததுதான். ஆனால் இரண்டும் வந்த வழி வேறு.

முதலாவது கிளாசிக்கல் கண்டிஷனிங், அதாவது ஓர் அடையாளத்தைக் கண்டதும் உடம்பு தானாக எதிர்வினை காட்டப் பழகுவது. இரண்டாவது ஆப்பரண்ட் கண்டிஷனிங், அதாவது கிடைத்த விளைவைப் பொறுத்து ஒரு செயல் பழகுவது. பி.எட். படித்தவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாரானவர்களும் 'ஆக்கநிலையிறுத்தம்' என்ற சொல்லோடு இவற்றைப் பார்த்திருப்பீர்கள். 'பாவ்லவ், நாய், மணி' ஒரு பக்கம், 'ஸ்கின்னர், எலி, பெட்டி' இன்னொரு பக்கம் என்று மனப்பாடம் செய்து தேர்வும் எழுதிவிடலாம், ஆனால் வீட்டில் குழந்தை வீறிட்டு அழும்போது இது எந்த வகை என்று யாராவது கேட்டால் நாயும் எலியும் கை கொடுக்காது. சுருக்கத்துக்காக நான் இங்கே பாவ்லவ் வகை, ஸ்கின்னர் வகை என்றே எழுதப்போகிறேன்.

பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றால், மாற்றும் வழி அதில்தான் இருக்கிறது. பயத்தில் அழும் பிள்ளையை அடம் பிடிக்கிறது என்று நினைத்து அதட்டினால் பயம் கூடும். அடத்தில் அழும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் கேட்டதை வாங்கிக் கொடுத்து அழுகையை நிறுத்தினால் அடம் கூடும். வகையைத் தவறாக எடுத்துக்கொண்டால், சரிசெய்வதாக நினைத்து நாமே அதை வளர்த்துவிடுவோம். எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததே எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடந்ததால்தான், அதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

தொடங்கும் முன், கொஞ்சம் பின்கதை

ரஷ்யாவின் இவான் பாவ்லவ் மனநூல் ஆய்வாளர் அல்ல, உடலியல் ஆய்வாளர். உணவு செரிப்பதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். நாய்களுக்கு எவ்வளவு உமிழ்நீர் சுரக்கிறது என்று அளந்துகொண்டிருந்தபோது, உணவு வாய்க்குள் போவதற்கு முன்னாலேயே, உணவு கொண்டுவரும் ஆளைப் பார்த்ததுமே அவற்றுக்கு எச்சில் ஊறத் தொடங்குவது தெரிந்தது. வேறொருவராக இருந்தால் அளவு கெட்டுப்போகிறதே என்று அதை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவர் அதையே பிடித்துக்கொண்டார். உணவுக்குச் சற்று முன்னால் ஓர் அடையாளத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், பிறகு அந்த அடையாளத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினார். எல்லாரும் மணி மணி என்று சொன்னாலும், அவர் மெட்ரோனோம் என்கிற தாளக் கருவி, விளக்கு, தோலில் தொடுதல் என்று பலவற்றையும் அடையாளமாக வைத்துப் பார்த்தார்.

அமெரிக்காவில் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைக் கூண்டுப் பெட்டிக்குள் விட்டு, அவை தாழை நீக்கிக்கொண்டு வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவைத்தார். அது 1898-ல் வெளிவந்தது. முதல் தடவை கண்டபடி பிறாண்டிய பூனை, திரும்பத் திரும்ப விட்டபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தாழுக்கு நேரே போகப் பழகியது. பி. எஃப். ஸ்கின்னர் இந்தப் பாதையில்தான் பின்னால் வந்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும் பெட்டியை வைத்து ஆராய்ந்தார். 'ஆப்பரண்ட்' என்ற பெயரை 1937-ல் அவர்தான் பயன்படுத்தத் தொடங்கினார். அவர் பிறந்ததும் 1904-ல், பாவ்லவ் நோபல் வாங்கிய அதே வருடம்.

முதல் படி: மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் முன்னால் என்ன நடந்தது, நடுக்கட்டத்தில் அந்த ஆளோ விலங்கோ என்ன செய்தது அல்லது அதன் உடம்பில் என்ன ஆனது, கடைசிக் கட்டத்தில் அதற்குப் பின்னால் என்ன நடந்தது. நேரத்தையும் குறியுங்கள்.

'கோபம்', 'திமிர்', 'சோம்பல்', 'அடம்' போன்ற சொற்களை எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள். அவை நம் தீர்ப்புகள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். "அடம் பிடித்தான்" என்பதற்குப் பதில் "தரையில் படுத்து நான்கு நிமிடம் அழுதான்". இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான், ஏனென்றால் தீர்ப்பு எழுதிவிட்டால் அப்புறம் நமக்குப் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

ஒரு நாள் குறிப்பு போதாது, குறைந்தது ஒரு வாரமாவது வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு கேள்வி

நடுக்கட்டத்தில் எழுதியதை மனசுக்குள் அடித்துவிட்டுக் கேளுங்கள்: இதைச் செய்யாமல் இருந்திருந்தாலும் கடைசிக் கட்டத்தில் உள்ளது வந்திருக்குமா?

வந்திருக்கும் என்றால் பாவ்லவ் வகை. வந்திருக்காது என்றால் ஸ்கின்னர் வகை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்ள நேரமிருந்தால் இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

பாவ்லவின் நாய்க்கு எச்சில் ஊறினாலும் ஊறாவிட்டாலும் உணவு வரத்தான் போகிறது. எச்சிலுக்குக் கூலியாக அது வரவில்லை. ஸ்கின்னரின் எலி நெம்புகோலை அழுத்தாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் உணவு விழாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. மலைப்பாதைப் பேருந்துப் பயணத்தில் வாந்தி எடுத்துப் பழகிய சிலருக்குப் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்ததுமே, டீசல் வாடை மூக்கில் ஏறியதுமே வயிற்றைப் புரட்டும். வண்டி இன்னும் கிளம்பியே இருக்காது. வயிறு புரட்டினாலும் புரட்டாவிட்டாலும் வளைவுகள் வரத்தான் போகின்றன, ஆகவே பாவ்லவ் வகை. அதே ஆள் "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார் என்றால் அது ஸ்கின்னர் வகை, ஏனென்றால் அப்படிச் சொன்னதால்தான் குமட்டல் இல்லாமல் தப்பித்தார். ஒரே ஆள், ஒரே பேருந்து, ஆனால் குமட்டலுக்கு ஒரு கணக்கு, போக மறுப்பதற்கு வேறு கணக்கு. ஆளைப் பார்த்து வகை சொல்லாமல், ஒவ்வொரு செயலையும் தனியாக எடுத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: உடம்பு தானாகச் செய்ததா என்று பாருங்கள் (ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள்)

எச்சில், குமட்டல், இதயத் துடிப்பு, வியர்வை, திடுக்கிடுதல், கண் சிமிட்டல் போன்றவை பெரும்பாலும் பாவ்லவ் வகையில் வரும். நடப்பது, கேட்பது, அழுத்துவது, ஓடி ஒளிவது எல்லாம் பெரும்பாலும் ஸ்கின்னர் வகை. பல வழிகாட்டிகள் இதையே முதல் சோதனையாகச் சொல்கின்றன. நான் மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

1969-ல் வில்லியம்ஸ் என்ற பெயருடைய இரண்டு ஆய்வாளர்கள் புறாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சின்ன விளக்குப் பொத்தான் ஒன்று சில நொடிகள் எரியும், அணைந்ததும் தானியம் வரும். புறா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் எரியும்போது பொத்தானைக் கொத்திவிட்டால் அந்த முறை தானியம் கிடையாது. கொத்துவது நஷ்டம், கொத்தாமல் இருப்பதே லாபம். ஸ்கின்னர் வகையாக இருந்தால் புறா விரைவில் கொத்துவதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, தானியத்தை இழந்துகொண்டே கொத்திக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டுமென்றே செய்வது போல இருக்கும் அந்தக் கொத்தல், உண்மையில் வாய் ஊறுவது போன்றதுதான். உணவுக்கு அடையாளமாகிவிட்ட ஒன்றை நோக்கி உடம்பே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் செயலின் தோற்றத்தை விட, விளைவு செயலைப் பொறுத்திருக்கிறதா என்ற இரண்டாம் படிக் கேள்விதான் நம்பகமானது.

நான்காம் படி: பாவ்லவ் வகை என்றால், எது எதோடு சேர்ந்தது?

இங்கே இரண்டு பொருட்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று, கற்காமலேயே உடம்பைத் தூண்டுவது: ஊசியின் வலி, உணவின் ருசி, பெரிய சத்தம். இதைப் பாடநூல் இயற்கைத் தூண்டல் என்னும். இன்னொன்று, அதற்குச் சற்று முன்னால் வந்து வந்து அதன் அடையாளமாகிப்போனது: மருத்துவமனை வாடை, வெள்ளை கோட், ஸ்பிரிட் பஞ்சு. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தை அடுத்த முறை வெள்ளை கோட்டைப் பார்த்ததும் அழுகிறதென்றால், வலிக்குரிய அழுகை கோட்டுக்கு மாறியிருக்கிறது. அப்புறம் முடிதிருத்தும் கடையில் வெள்ளைத் துணியைக் கண்டாலும் அழும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஆட்கள் சொன்னது இந்தப் பரவலைத்தான்.

பொதுவாக அடையாளமும் இயற்கைத் தூண்டலும் நேரத்தில் அருகருகே இருக்க வேண்டும், சில நொடிகள். சாப்பாடும் குமட்டலும் மட்டும் இதற்கு விலக்கு. ஜான் கார்சியாவும் கூட்டாளிகளும் 1955-ல் இனிப்புத் தண்ணீர் குடித்த எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தபோது, எலிகள் அப்புறம் அந்த இனிப்பையே ஒதுக்கின. பிந்தைய சோதனைகளில், குடித்ததற்கும் நோய்ப்பட்டதற்கும் இடையே மணிக்கணக்கு இடைவெளி இருந்தாலும் இந்த வெறுப்பு உண்டாகும் என்று தெரிந்தது. கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்ட இரவே காய்ச்சலில் வாந்தி எடுத்தவர், பிரியாணிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தும் வருடக்கணக்கில் அந்த மணத்தைக் கண்டாலே முகம் சுளிப்பது இதனால்தான். புத்திக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. இது விளையாட்டான விஷயம் இல்லை: கீமோதெரபி எடுக்கும் குழந்தைகளுக்குச் சிகிச்சைக்கு முன் கொடுத்த ஒரு புதிய ஐஸ்கிரீம் சுவையே பிறகு பிடிக்காமல் போனதை 1978-ல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் காட்டினார். சிகிச்சையில் இருக்கிற பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால் அதைத் திட்ட வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்.

ஐந்தாம் படி: ஸ்கின்னர் வகை என்றால், இரண்டு கேள்வி

செயலுக்குப் பின்னால் ஏதாவது சேர்ந்ததா, போனதா? அதன் பிறகு அந்தச் செயல் கூடியதா, குறைந்ததா?

கூடினால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. சேர்ந்தால் நேர்மறை, போனால் எதிர்மறை. இங்கே நேர்மறை என்றால் நல்லது, எதிர்மறை என்றால் கெட்டது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது, கணக்கில் போடும் கூட்டல் கழித்தல் குறி மாதிரிதான். 'எதிர்மறை வலுவூட்டல்' என்றால் தண்டனை என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர். தலைவலிக்கு மாத்திரை போடுகிறீர்கள், வலி போகிறது, அடுத்த முறையும் மாத்திரையைத் தேடுகிறீர்கள். ஒன்று போனது, செயல் கூடியது: எதிர்மறை வலுவூட்டல். காரில் சீட் பெல்ட் மாட்டும்வரை கத்திக்கொண்டே இருக்கும் சத்தமும் இதே வேலையைத்தான் செய்கிறது. பையன் ராத்திரி முழுக்க விளையாடினான் என்று கைப்பேசியைப் பிடுங்கிவைத்து, அதனால் அவன் விளையாட்டு குறைந்தால் அது எதிர்மறைத் தண்டனை.

இப்போது கடைக் காட்சி ஒன்று. மூன்று வயதுப் பிள்ளை சாக்லேட் கேட்டு அழுகிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா வாங்கிக் கொடுக்கிறார். அழுகை நின்றது. பிள்ளையின் பக்கம் பார்த்தால்: அழுதது, சாக்லேட் சேர்ந்தது, அடுத்த முறை அழுகை கூடும். நேர்மறை வலுவூட்டல். அம்மாவின் பக்கம்: வாங்கிக் கொடுத்தார், அழுகையும் ஊரார் பார்வையும் போயின, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வாங்கிக் கொடுப்பார். எதிர்மறை வலுவூட்டல். பிள்ளை அம்மாவைப் பழக்குகிறது, அம்மா பிள்ளையைப் பழக்குகிறார், இரண்டு பேருமே அதை அறிவதில்லை. பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, களைத்துப்போன ஒரு ஆளுக்கு அந்த நிமிட அமைதி எவ்வளவு பெரிய பரிசு என்பதைப் புரிந்துகொள்ளத்தான்.

காக்கைக்குச் சோறு வைக்கும்போது வரும் குழப்பம்

அம்மா மதில்மேல் சோறு வைத்து "கா... கா..." என்று கூப்பிட்டதும் காக்கைகள் பறந்து வருகின்றன. முன்னால் ஒரு ஒலி, பின்னால் சோறு. அப்படியானால் இது பாவ்லவ் வகைதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை. வந்து உட்கார்ந்த காக்கைக்குத்தான் சோறு, வராத காக்கைக்கு இல்லை. இரண்டாம் படிக் கேள்வியில் இது ஸ்கின்னர் பக்கம் விழுகிறது. அம்மாவின் குரல் காக்கையின் உடம்பைத் தூண்டிவிடுவதில்லை, "இப்போது வந்தால் பலன் உண்டு" என்று தெரிவிக்கிறது, அவ்வளவுதான். கடைவாசலில் 'திறந்திருக்கிறது' பலகை தொங்குவது மாதிரி. இத்தகைய அடையாளத்தை வேறுபடுத்தும் தூண்டல் என்பார்கள். அடையாளம் இரண்டு வகையிலும் வரும், ஆகவே முன்னால் அடையாளம் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது.

ஆறாம் படி: இரண்டும் பின்னிக் கிடந்தால் நூலைப் பிரியுங்கள்

உண்மையைச் சொன்னால் வீட்டில் நடக்கும் பெரும்பாலான விஷயங்கள் கலவைதான். தமிழில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும், இது தார்ண்டைக் பூனையின் சொந்தக்காரப் பூனை, தாவினால் பால் கிடைத்தது, அதனால் மறுபடி தாவுகிறது. சூடு கண்ட பூனை அடுப்படிக்கு வராது. இந்த இரண்டாவது பூனைக்குள் இரண்டு பாடம் இருக்கிறது. அடுப்பைப் பார்த்ததும் வரும் நடுக்கம் பாவ்லவ் வகை. விலகிப் போனதும் நடுக்கம் தணிகிறது, அந்தத் தணிவே விலகலுக்கு வலுவூட்டல், அது ஸ்கின்னர் வகை. 1947-ல் மவ்ரர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அச்சமும் தவிர்ப்பும் இப்படி இரண்டு அடுக்காக இயங்குகின்றன என்று விளக்கினார். தவிர்த்துக்கொண்டே இருக்கும் பூனைக்கு, அடுப்பு இப்போது அணைந்திருக்கிறது என்று தெரியவரும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. பயங்கள் பல வருடம் நிலைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு பழமொழி எனக்கு மிகவும் பிடித்தது, அழுத பிள்ளை பால் குடிக்கும். பச்சைக் குழந்தையின் முதல் அழுகை வெறும் பசி, அதில் கற்றது எதுவும் இல்லை. சில மாதம் போனால் அழுதால் ஆள் வரும் என்பது பழகி, அழுகையில் ஸ்கின்னர் வகை கலக்கிறது. இதே நேரத்தில் தாயின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்கும், இது இயற்கை. சில வாரங்களில் பல தாய்மார்களுக்குக் குழந்தையின் அழுகுரல் காதில் விழுந்ததுமே, பக்கத்து அறையில் இருந்தாலும், பால் இறங்கி ரவிக்கை நனையும். அது பாவ்லவ் வகை. ஒரே அழுகை, பிள்ளைக்கு அது கருவி, தாய்க்கு அது அடையாளம். மாடு வளர்ப்பவர்களுக்கும் இது தெரியும், கறவைப் பாத்திரத்தின் சத்தம் கேட்டதுமே சில பசுக்களுக்கு மடி சுரக்கத் தொடங்கிவிடும்.

பாடநூலில் சுத்தமான பாவ்லவ் வகையாகக் காட்டப்படும் 'குட்டி ஆல்பர்ட்' சோதனையிலும் கலப்பு உண்டு. 1920-ல் வாட்சனும் ரேய்னரும் வெளியிட்டது அது. பதினொரு மாதக் குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். முதல் அடிகள் விழுந்தது எப்போது தெரியுமா? குழந்தை கையை நீட்டி எலியைத் தொட்ட அந்த நொடியில். தொட்டால் சத்தம் என்றால் அது தொட்டதற்கான தண்டனையும் ஆகிறதே! இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது, படிக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தைக்காக மனசு வலிக்கும்.

அதே வலி வகுப்பறைப் பிரம்பைப் பற்றி நினைக்கும்போதும் வரும். அடியாத மாடு படியாது என்று சொல்லி அடிப்பவர், தப்பான கணக்குக்கு அடி என்று ஸ்கின்னர் வகைத் தண்டனையைத்தான் கொடுப்பதாக நினைக்கிறார். ஆனால் அடிக்குச் சற்று முன்னால் பிள்ளையின் கண்முன் இருந்தவை எவை? கணக்கு நோட்டு, கரும்பலகை, அவருடைய செருப்புச் சத்தம். அவை அத்தனையும் அச்சத்தின் அடையாளங்களாகிவிடுகின்றன. தப்பு குறைகிறதோ இல்லையோ, கணக்கு நோட்டைத் திறந்ததும் உள்ளங்கை வியர்ப்பது நிலைத்துவிடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருப்பதற்கு எத்தனையோ நியாயங்கள் உண்டு, இதுவும் அதில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

ஏழாம் படி: வகைக்கு ஏற்ற மருந்து

பாவ்லவ் வகைக்கு, அடையாளத்தைக் கொண்டுவாருங்கள், ஆனால் அதற்குப் பின் அந்தக் கெட்ட விஷயம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, தூரத்திலிருந்து தொடங்கி. கூடவே பிடித்த ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த சாப்பாடு கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து, கடைசியில் அவனே முயலைத் தடவும் அளவுக்குக் கொண்டுவந்தார். "பயப்படாதே" என்று கட்டளையிட்டால் மட்டும் பயம் போகாது, எச்சில் ஊறாதே என்று சொல்லி எச்சிலை நிறுத்த முடியாதது போலத்தான்.

ஸ்கின்னர் வகைக்கு, விளைவை மாற்றுங்கள். அழுதால் சாக்லேட் கிடையாது, ஆனால் வாயால் கேட்டால், காத்திருந்தால் எப்போதாவது உண்டு. இரண்டு எச்சரிக்கை. நிறுத்திய முதல் சில தடவை அழுகை குறையாமல் கூடவும் செய்யலாம். காசு போட்டும் பொருள் விழாத இயந்திரத்தை நாம் ஓங்கித் தட்டுகிறோமே, அது மாதிரி. அப்புறம், நான்கு நாள் உறுதியாக இருந்து ஐந்தாம் நாள் கொடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட மோசம். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் செயல்தான் சீக்கிரத்தில் மறையாது, ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-ல் வெளியிட்ட நீண்ட ஆய்வுகளில் இது விரிவாக இருக்கிறது. கைப்பேசித் திரையைக் கீழே இழுத்து இழுத்துப் புதுச் செய்தி தேடும் நம் விரலும் இதற்குச் சாட்சி.

சரி, எங்கள் வீட்டுக் கதை. அண்ணன் மகன் எல்.கே.ஜி. சேர்ந்த புதிதில் தினமும் காலையில் அழுதான். அப்பா "வெறும் அடம்" என்றார், அண்ணி "பயம்" என்றார், இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு வாரம் மூன்று கட்டம் போட்டு எழுதினோம். அழுகை பள்ளி வாசலில் தொடங்கவில்லை, வீட்டில் கறுப்பு ஷூவை எடுத்ததுமே தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போக அதே ஷூவை மாட்டியபோதும் உதடு நடுங்கியது. அது கருவியாக அழும் அழுகை இல்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. சேர்ந்த இரண்டாம் நாள் வகுப்பில் ஆடை நனைந்து, மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் நோட்டில் இன்னொன்றும் இருந்தது: அழுகையைப் பார்த்து "இன்னைக்கு லீவு போடலாம்" என்று விட்டுவிட்ட நாளுக்கு மறுநாள் அழுகை இரண்டு மடங்கு நீண்டது. அப்பா சொன்னதும் சரி, அண்ணி சொன்னதும் சரி.

அதனால் இரண்டு வேலையும் செய்தோம். மாலையில் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்கும் பூங்காவுக்கும் போனான். பள்ளி முடிந்த பிறகு காலியான மைதானத்தில் ஊஞ்சல் ஆட ஆசிரியை அனுமதித்தார். இன்னொரு பக்கம், அழுதாலும் லீவு இல்லை என்பதில் எல்லாரும் ஒரே பேச்சில் நின்றோம், அவனை மிரட்டாமல், மடியில் வைத்துக்கொண்டு. ஐந்து வாரம் ஆனது. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு இரண்டு நாள் அழுகை திரும்ப வந்தது. இடைவெளிக்குப் பின் பழைய பயம் தலைகாட்டுவதைப் பாவ்லவே நாய்களில் பார்த்திருக்கிறார் என்பதால் நாங்கள் பதறவில்லை, அதே மாதிரி நடந்துகொண்டோம், போய்விட்டது. இது எங்கள் பிள்ளை விஷயம் மட்டுமே. வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம் கெடும் அளவுக்குப் பயம் இருந்தால் நோட்டோடு நிற்காமல் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கொஞ்சம் பயிற்சி

பல் மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது துளைக்கும் சத்தம் கேட்டுத் தோள் இறுகுகிறது. இறுகினாலும் இறுகாவிட்டாலும் உங்கள் முறை வரும். பாவ்லவ் வகை.

சந்திப்பில் போலீஸ்காரர் நிற்பதைக் கண்டதும் வண்டி டேங்க்மேல் இருந்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுகிறார் ஒருவர். மாட்டினால் அபராதம் இல்லை. ஸ்கின்னர் வகை, அபராதத்தைத் தவிர்க்கும் எதிர்மறை வலுவூட்டல், போலீஸ்காரர் காக்கைக்குக் கேட்ட குரல் மாதிரி.

ஆணியில் மாட்டிய சங்கிலியை எடுத்ததும் நாய்க்கு உடம்பெல்லாம் துள்ளல். இது பாவ்லவ். நாயே சங்கிலியைக் கவ்விக்கொண்டு வந்து உங்கள் காலடியில் போடுகிறது, நீங்கள் நடக்கக் கூட்டிப்போகிறீர்கள். இது ஸ்கின்னர்.

விடுமுறை நாளில், பேருந்தில் யாரோ ஒருவருடைய கைப்பேசியில் உங்கள் அலாரத்தின் அதே ஒலி, உங்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. பாவ்லவ். தினமும் காலையில் அந்த அலாரத்தைத் தட்டி இன்னும் பத்து நிமிடம் தள்ளிப்போடுவது? இதை நீங்களே மூன்று கட்டத்தில் போட்டுப் பாருங்கள், சத்தம் சேர்ந்ததா போனதா என்பதைக் கவனித்து.

கடைசியாகத் தீபாவளிக் காலை. தெருவில் திடீரென்று அணுகுண்டு வெடித்ததும் கைக்குழந்தை தூக்கிவாரிப் போடுகிறது. இது இரண்டு வகையும் இல்லை, பிறவியிலேயே இருப்பது, யாரும் கற்கவில்லை. நான்கு வெடிக்குப் பிறகு, மாமா ஊதுபத்தியோடு குனிவதைப் பார்த்ததுமே அக்காவின் மூன்று வயது மகளுக்குக் கண் இறுக மூடி உடம்பு குறுகுகிறது. பாவ்லவ் வகை, ஊதுபத்தி அடையாளம். அவளே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள், பொத்தினால் சத்தம் குறைகிறது, அடுத்த வெடிக்கு இன்னும் சீக்கிரம் பொத்துகிறாள். ஸ்கின்னர் வகை.